மூச்சுக்குழாய்ச் சுருக்கம்: பலூன் வைத்து ஒரு தடவை விரித்தால் போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். தம்பிக்கு 29 வயது. பைக் விபத்தில் தலையில் அடி, 16 நாள் வென்டிலேட்டர். பிழைத்து வீட்டுக்கு வந்த ஒன்றரை மாதத்தில் மாடிப்படி ஏறினால் இரைப்பு. ஆஸ்துமா என்று இரண்டு மாதம் இன்ஹேலர் கொடுத்தார்கள், குறையவில்லை. இப்போது சிடி ஸ்கேனில் மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பது தெரிந்திருக்கிறது, புற்றுநோய் இல்லை. ஒரு டாக்டர் பிராங்கோஸ்கோப்பியில் (மூச்சுக்குழாய்க்குள் ஸ்கோப் என்ற கருவியை விட்டுப் பார்க்கும் முறை) பலூன் விட்டு விரிக்கலாம் என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார், மூன்றாமவர் ஸ்டெண்ட் (குழாய் மூடாமல் இருக்க உள்ளே வைக்கும் சிறு குழல்) என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "ஒரு தடவை செய்தால் தீர்ந்துவிடுமா சார்" என்று போட்டிருக்கிறீர்களே, நிஜமான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் நுரையீரல் மருத்துவன். பிராங்கோஸ்கோப்பி என் அன்றாட வேலை. அதனால் அந்தக் கருவியின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். தம்பியின் ஸ்கேனையும் நான் பார்க்கவில்லை. எனவே அவருக்கு இதுதான் சிகிச்சை என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொல்வது ஏன், அதில் எதை வைத்து முடிவெடுப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வென்டிலேட்டருக்காக வாய் வழியே விடும் குழாயின் நுனிக்குக் கொஞ்சம் மேலே 'கஃப்' என்று ஒரு சிறு பலூன் இருக்கும். காற்று பக்கவாட்டில் கசியாமலும், வாயில் ஊறும் எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமலும் அதுதான் காக்கிறது. அந்த பலூனுக்குள் இருக்கும் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் நசுங்கிவிடும். ரத்தம் போகாத இடம் புண்ணாகும், புண் ஆழமானால் அடியில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் வரை போகும். அழுத்தத்தை அளக்க ஒரு சின்ன மீட்டர் உண்டு. பரபரப்பான ஐசியுவில் அதை எடுக்காமல், வெளியே தொங்கும் குமிழை விரலால் அமுக்கிப் பார்த்து "போதும்" என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. கழுத்தில் துளை போட்டு டிரக்கியாஸ்டமி வைத்திருந்தால் அந்தத் துளையைச் சுற்றியும் இதே மாதிரி தழும்பு வரலாம். குழாய் உள்ளே இருக்கும்வரை எதுவும் தெரியாது. எடுத்த பிறகு புண் ஆறுகிறது, ஆறும்போது தழும்பு இறுகுகிறது, அதோடு சேர்ந்து மூச்சுக்குழாயும் சுருங்குகிறது. சில வாரங்கள் கழித்தோ சில மாதங்கள் கழித்தோதான் ஆள் இரைக்கத் தொடங்குவார். இதனால் அந்த ஐசியு டாக்டர் மேல் கோபப்பட வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட இடத்திலும் சிலருக்கு இது வரத்தான் செய்கிறது.

ஒன்றரை மாதம் வரை தம்பி எப்படித் தாக்குப்பிடித்தார், பிறகு ஏன் சட்டென்று மோசமானது என்று யோசித்திருப்பீர்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர்களின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய 15 முதல் 20 மி.மீ. அகலம், 10 முதல் 12 செ.மீ. நீளம். சீராக ஓடும் காற்றுக்குக் குழாய் தரும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதாவது 16 மி.மீ. குழாய் 8 மி.மீ. ஆனால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. காற்று சுழன்று ஓடினால் நிலைமை இன்னும் மோசம். பாதிக்கு மேல் சுருங்கும் வரை பலருக்கு ஒன்றுமே தெரியாது. சுமார் 8 மி.மீ. ஆகும்போது படியேறினால் இரைக்கும், 5 மி.மீ. பக்கம் வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்கும். இளநீர்க் கடை ஸ்ட்ராவை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சுவிட்டுப் பாருங்கள், தம்பி படும் பாடு கொஞ்சம் புரியும். இதே கணக்கு நமக்கு நல்லதாகவும் வேலை செய்யும்: இரண்டு மூன்று மி.மீ. விரித்தாலே ஆள் எழுந்து நடந்துவிடுவார். உறவினர்கள் அதைப் பார்த்து "தீர்ந்தது" என்று நினைப்பதும் அதனால்தான்.

ஆஸ்துமா என்று சொன்னது உங்கள் ஊர் டாக்டர் மட்டும் செய்த தவறில்லை. 2021 இரண்டாம் அலைக்குப் பிறகு இப்படிப்பட்டவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஒரு லாரி ஓட்டுநர் நினைவில் நிற்கிறார். கோவிட்டில் மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தவர். ஜவுளிக்கடைப் பை நிறைய இன்ஹேலர்களும் சொந்த நெபுலைசருமாக வந்தார். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரண்டு பக்கமும் சத்தம். அதையே எடுத்துக் கழுத்தில் வைத்தால் இன்னும் பலமான சத்தம், அதுவும் மூச்சை உள்ளே இழுக்கும்போது. "ராத்திரி பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது டாக்டர்" என்றார் அவர் மனைவி. ஆஸ்துமாவின் வீசிங் பெரும்பாலும் மூச்சை விடும்போது வரும், ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. மூச்சுக்குழாய் அடைப்பின் சத்தம் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், பிடிவாதமாக இருக்கும், மருந்துக்கு மசியாது. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் வரும் வளைகோட்டைக் கவனித்தாலும் தெரிந்துவிடும். இறுகிப்போன சுருக்கம் என்றால் மேல்பாதி, கீழ்பாதி இரண்டும் தட்டையாகிப் பெட்டி போல நிற்கும். எண்களை மட்டும் படித்துவிட்டுப் படத்தை விட்டுவிட்டால் இது தப்பிவிடும். அவருக்குள் என் ஸ்கோப்பைக் கொண்டுபோனேன். 6 மி.மீ. தடிமன் உள்ள ஸ்கோப், அந்தச் சுருக்கத்தைத் தாண்டவில்லை.

சரி, பிராங்கோஸ்கோப்பியில் என்னதான் செய்கிறோம்? இரண்டு வகைக் கருவி இருக்கிறது. ஒன்று வளையும் ஸ்கோப், ஓ.பி.யில் பார்ப்பதற்கும் சளி எடுப்பதற்கும் இதுதான். மற்றொன்று ரிஜிட் ஸ்கோப், நேரான இரும்புக் குழல். முழு மயக்கத்தில், தலையைப் பின்னால் சாய்த்து, வாய் வழியே மூச்சுக்குழாய் வரை நேராக இறக்குவோம். பார்க்கக் கத்தி விழுங்கும் வித்தை மாதிரி இருக்கும். ஆனால் மூச்சுக்குழாய் அடைபட்ட ஆளுக்கு அதுதான் பாதுகாப்பு, அந்தக் குழல் வழியாகவே ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே வேலை செய்யலாம். ரத்தம் கசிந்தால் குழலின் பக்கவாட்டாலேயே அழுத்தி நிறுத்தலாம். இங்கே ஒன்று: விபத்தில் தம்பியின் கழுத்தெலும்புக்கும் அடிபட்டிருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாதென்றால் திட்டமே மாறும்.

சுருக்கத்தைக் கண்டதும் பலூனை விட்டு ஊதிவிடுவதில்லை, அப்படிச் செய்தால் தழும்பு கண்டபடி கிழியும், கிழிந்த இடமெல்லாம் மறுபடி தழும்பாகும். முதலில் லேசராலோ மின்கத்தியாலோ தழும்பு வளையத்தில் மூன்று கீறல். கடிகாரத்தில் 12, 3, 9 மணி முள் இருக்கும் இடங்களில். 6 மணிப் பக்கத்தைத் தொடுவதில்லை. மூச்சுக்குழாயின் பின்சுவரில் குருத்தெலும்பு கிடையாது, வெறும் சவ்வு, அதற்குப் பின்னால் உணவுக்குழாய். கீறல்களுக்கு நடுவே இருக்கும் நல்ல உள்தோலை அப்படியே விட்டுவைக்க வேண்டும். புதுத் தோல் அங்கிருந்துதான் வளர்ந்து வந்து மூடும். சுற்றிலும் மொத்தமாகச் சுட்டுவிட்டால் இருந்ததை விட மோசமான சுருக்கம் வரும். கீறிய பிறகு உப்புநீர் நிரப்பிய பலூன், 10 மி.மீ., 12 மி.மீ. என்று படிப்படியாக. பலூன் ஊதியிருக்கும் நேரத்தில் மூச்சுக்குழாய் முழுக்க அடைபட்டிருக்கும், அதனால் அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். மயக்க மருந்து கொடுப்பவர் திரையில் ஆக்ஸிஜன் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பார். லேசர், மின்கத்தி ஓடும்போது ஆக்ஸிஜனை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்கச் சொல்வோம், இல்லையென்றால் உள்ளேயே தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஒரு பக்கம் ஆளுக்கு ஆக்ஸிஜன் வேண்டும், இன்னொரு பக்கம் அதைக் குறைக்க வேண்டும். இந்த இழுபறியைப் பார்த்தால், அனுபவப்பட்ட மயக்க மருந்து டாக்டர் இல்லாத இடத்தில் இதைச் செய்யக்கூடாது என்று நான் ஏன் சொல்கிறேன் என்பது புரியும்.

அந்த ஓட்டுநர் மயக்கம் தெளிந்து எழுந்தபோது சத்தம் இல்லை. அவர் மனைவிதான் முதலில் கவனித்தார். ஆறு வாரத்தில் சத்தம் திரும்ப வந்தது. மறுபடி விரித்தோம், இரண்டு மாதம் தாங்கியது. மூன்றாவது தடவைக்குப் பிறகு நானே அவரை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன்.

ஏன் அவருக்கு நிற்கவில்லை, வேறு சிலருக்கு ஒரே தடவையில் நின்றுவிடுகிறது? தழும்பின் குணம். உள்தோலில் மட்டும் சவ்வு மாதிரி, ஒரு செ.மீ.க்குக் குறைவான நீளத்தில் இருந்து, குருத்தெலும்பு வளையங்கள் பழுதாகாமல் இருந்தால் அது எளிய சுருக்கம். கீறி விரித்தால் நல்ல பலன் கிடைக்கும். ஓரிரு தடவையிலேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம். ஒரு செ.மீ.க்கு மேல் நீளம், சுற்றிலும் தடித்த தழும்பு, குருத்தெலும்பு இடிந்து மூச்சிழுக்கும்போது சுவரே உள்வாங்குகிறது என்றால் அது சிக்கலான சுருக்கம். பலூன் அதற்குத் தற்காலிக நிவாரணம்தான். இடிந்த வளையத்தை எந்த பலூனும் நிமிர்த்தாது. இவ்வளவும் இந்தத் துறையில் பெரிய சர்ச்சை இல்லாத விஷயங்கள். உங்கள் மூன்று டாக்டர்களும் ஸ்கேன் அறிக்கையை மட்டும் படித்துவிட்டுச் சொன்னார்களா, இல்லை உள்ளே ஸ்கோப் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்று கேளுங்கள். குரல் நாணிலிருந்து சுருக்கம் எவ்வளவு கீழே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், குருத்தெலும்பு எப்படி இருக்கிறது: இந்த மூன்றும் தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் பாதி யோசனைதான்.

ஆபரேஷன் என்றால் சுருங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு மேல்பகுதியையும் கீழ்பகுதியையும் இணைத்துத் தைப்பது. பாஸ்டனில் ஹெர்ம்ஸ் கிரில்லோ என்ற அறுவை நிபுணர் வளர்த்தெடுத்த முறை. பெரியவர்களில் மூச்சுக்குழாயின் ஏறக்குறைய பாதி நீளம் வரை எடுக்க முடியும். தேர்ந்த கைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நல்ல பலன் கிடைக்கிறது. உங்கள் தம்பி வயதில், மற்றபடி ஆரோக்கியமாக இருந்து, சிக்கலான சுருக்கமாகவும் இருந்தால், நிரந்தரத் தீர்வுக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்று ஸ்கோப் பிடிக்கும் நானே ஒத்துக்கொள்கிறேன். தையல் இழுபடாமல் இருக்க மோவாயை மார்போடு சேர்த்து ஒரு தையல் போட்டு, ஒரு வாரம் போலக் குனிந்த தலையோடு வைத்திருப்பார்கள். ஓட்டுநர் அதைப் பற்றி இன்றும் புலம்புவார், மற்றபடி லாரியில்தான் இருக்கிறார். அவசரப்பட்டும் வெட்டக்கூடாது. புண் வீங்கிச் சிவந்திருக்கும் கட்டத்தில் தைத்தால் தையல் பிரியும். அதிக அளவில் ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தாலும் ஆறாது. அந்த இடைவெளியைத் தாண்ட உதவுவதுதான் பலூனின் இன்னொரு முக்கியமான வேலை. ஆக "பலூன்" என்றவரும் "ஆபரேஷன்" என்றவரும் ஒரே பாதையின் இரண்டு கட்டங்களைச் சொல்லியிருக்கவும் கூடும். தலையில் பட்ட அடியின் பாதிப்பு எந்த அளவுக்கு மிச்சம் இருக்கிறது என்பதையும் அறுவை நிபுணர் கேட்பார். மறுபடி வென்டிலேட்டர் தேவைப்படக்கூடிய நிலை என்றால் தயங்குவார். குரல் நாணுக்கு ஒட்டிக் கீழேயே சுருக்கம் தொடங்கினால் ஈஎன்டி நிபுணரும் சேர வேண்டும், அது இன்னும் நுணுக்கமான அறுவை.

ஸ்டெண்ட் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். இதயத்துக்கு ஸ்டெண்ட் வைப்பதைக் கேட்டுக் கேட்டு, மூச்சுக்குழாய்க்கும் அதே மாதிரி வைத்துவிட்டால் முடிந்தது என்று மக்கள் நினைக்கிறார்கள். வலை போன்ற உலோக ஸ்டெண்ட் வைப்பது சுலபம். எடுப்பது சுலபமில்லை. உள்தோல் அதன் கண்ணிகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், இரண்டு நுனிகளிலும் சதை வளர்ந்து புது அடைப்பு உண்டாகும், கம்பி உடையும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2005இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது: புற்றுநோய் அல்லாத சுருக்கங்களில், அறுவையும் சிலிகான் ஸ்டெண்ட்டும் உட்பட மற்ற எல்லா வழிகளையும் பார்த்த பிறகுதான் உலோக ஸ்டெண்ட். புற்றுநோய் முற்றியவருக்கு மிச்சமிருக்கும் மாதங்களை நிம்மதியாகக் கழிக்க அது உதவும். 29 வயதுக்காரர் இன்னும் 50 வருடம் மூச்சுவிட வேண்டும். ஸ்டெண்ட் அவசியமே என்றால் சிலிகான். 1990இல் மர்செய் நகரின் டாக்டர் டூமோன் கட்டுரையில் விவரித்த வடிவம்தான் இன்றும் பிரபலம். அதை வைக்க ரிஜிட் ஸ்கோப் வேண்டும், எடுக்கவும் முடியும். அதிலும் சளி கட்டும், இடம் நகரும், வீட்டில் தினமும் உப்புநீர் நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கும். எனவே மூன்றாமவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்த ஸ்டெண்ட், எப்போது எடுப்பீர்கள்?" இதற்குப் பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

இனி உறுதியில்லாதவை. விரித்த இடத்தில் மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவினால் தழும்பு திரும்ப வருவது தள்ளிப்போகும் என்று பலர் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன், ஆனால் ஆதாரம் பலமானதல்ல. தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் அப்படித்தான். பெரும்பாலும் பெண்களுக்கே வரும், காரணம் தெரியாத ஒரு வகைச் சுருக்கத்தில் அது உதவுவதாகத் தெரிகிறது, வென்டிலேட்டர் தழும்புக்கு அதே அளவு உதவுமா என்பது சந்தேகம். உறைய வைக்கும் கிரையோ முறை, தானாகக் கரையும் ஸ்டெண்ட் எல்லாம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற கட்டம். எத்தனை தடவை விரித்துவிட்டு ஆபரேஷனுக்குப் போவது என்பதற்கும் எல்லோரும் ஏற்ற எண் கிடையாது. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் இடைவெளி நீளாமல் இருந்தால் நிறுத்தி யோசிப்பது என் பழக்கம், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் தழும்பின் நீளம் அதிகமாகிறதா என்று அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். 2 செ.மீ. இருந்தது 3 செ.மீ. ஆனால், நாளை அறுவை நிபுணர் கூடுதலாக வெட்ட வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு இடைச்செருகல். வென்டிலேட்டருக்கே போகாதவர்களுக்கும் இப்படி அடைப்பு வரும், நம் ஊரில் அதில் காசநோயை மறக்கக்கூடாது. மூச்சுக்கிளையின் (மூச்சுக்குழாய் நுரையீரலுக்குள் பிரியும் கிளை) உள்தோலில் காசநோய் வந்து ஆறும்போது, குறிப்பாக இடது பெரிய கிளை, சுருங்கிப்போகும். இவர்களும் ஆஸ்துமா என்றே சுற்றுவார்கள். அங்கே முதல் வேலை காசநோய் மாத்திரை, பலூன் பிறகுதான். ஒரு பக்கம் மட்டும் வீசிங் கேட்டால், சிறு குழந்தையாக இருந்தால், நிலக்கடலையையோ சீத்தாப்பழ விதையையோ நினைக்க வேண்டும். பிராங்கோஸ்கோப்பியின் வரலாறே அப்படித்தான் தொடங்கியது: 1897இல் ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக்கிளையிலிருந்து பன்றி எலும்புத் துண்டை எடுத்தார்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தேதி கிடைக்கும்வரை காத்திருக்கும் நாட்கள்தான் எனக்குக் கவலை. சளி கெட்டியாக விடாதீர்கள், 5 மி.மீ. குழாயில் ஒரு சளிக்கட்டி போதும் முழுதாக அடைக்க. உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் வந்தாலோ, படுக்க முடியாமல் போனாலோ, வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனை, மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்க வேண்டாம். ஆக்ஸிஜன் எண் 98 காட்டுகிறது என்று ஆறுதல் அடையாதீர்கள். இந்த நோயில் அது கடைசி நிமிடம் வரை நன்றாகவே இருக்கும். போகும்போது ஸ்கேன் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் இருக்கும் சிடி தட்டையே கொண்டுபோங்கள். அப்புறம் ஒரு அட்டையில் இப்படி எழுதித் தம்பியின் போன் கவருக்குள் வையுங்கள்: "மூச்சுக்குழாய்ச் சுருக்கம் உள்ளது. ஆஸ்துமா அல்ல. வழக்கமான அளவுக் குழாய் இறங்காது, வலிந்து தள்ள வேண்டாம். சிறிய அளவுக் குழாய்களும் ஸ்கோப்பும் தயார் செய்த பிறகு தொடங்கவும்." கீழே உங்கள் டாக்டரின் போன் நம்பர். நடு இரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தால் முதல் பத்து நிமிடத்தில் செய்வது வேறாக இருக்கும்.